கோயில் பலகையில் அந்தப் பெயர்கள் வேண்டாம்

ஜெஞ்சாரோம்,
புதன் இரவு.

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

  கைப்பேசியில் கூப்பிட்டால் நீ வேலையில் இருப்பாய், "அப்புறம் பேசுறேன் அக்கா" என்று வைத்துவிடுவாய். பாதியில் வைக்கக்கூடிய பேச்சு இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

போன ஞாயிறு கோயில் கூட்டத்தில் நிறைவேற்றினீர்களே, அந்த மூன்றாவது தீர்மானத்தைப் பற்றித்தான். குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்கள், ஷாபு என்கிற போதைப்பொருள் எடுப்பவர்கள் பெயரைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதுவது. அவர்கள் வீட்டு உபயத்தை வாங்காமல் விடுவது. திருவிழாவில் மாலை மரியாதை கிடையாது என்பது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. நீ தலைவராகி முதல் வருஷம், ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற துடிப்பு எனக்குப் புரிகிறது. வாராவாரம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெட்ரோல் செலவு செய்து வந்து போகிறாய், அதற்கே உன்னைப் பாராட்டவேண்டும். ஆனால் ஒன்று கவனித்தாயா? கைதட்டல் ஆண்கள் பக்கம்தான் எழுந்தது. பெண்கள் பக்கம் ஒருவரும் கை அசைக்கவில்லை. பலகையில் ஏறப்போவது அவர்கள் புருஷன் பெயர், பிள்ளை பெயர்.

திங்கட்கிழமை இரவு, நம் தாமானில் மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு தாய் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். முன்வாசல் விளக்கில் நிற்கப் பயம். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அக்கா, எங்க வீட்டுப் பேரும் வருமா?" என்றாள். அவள் மகனை நான்தான் பேசிப் பேசி, கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்தத் தேதியை ரத்து செய்துவிட்டாளாம். கிளினிக் வரிசையில் யாராவது பார்த்தால் பெயர் எப்படியாவது கோயிலுக்கு எட்டிவிடும் என்கிறாள். தம்பி, அந்தப் பலகையில் இன்னும் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. அதற்குள்ளேயே அது ஒரு பையனைச் சிகிச்சையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டது.

அதனால் நேராகவே கேட்கிறேன். அந்தத் தீர்மானத்தை நிறுத்திவை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலம் உனக்கு அவ்வளவாக நினைவிருக்காது. தோட்டத்துக்குள்ளேயே உரிமத்தோடு கள்ளுக்கடை இருந்தது. ஆபீசில் சம்பளம் வாங்கி லயத்துக்கு வருகிற வழியிலேதான் அது. சம்பள நாள் சாயங்காலம் அம்மா என்னைத் தலை வாரி, பொட்டு வைத்து, கடைக்கு எதிரே நிற்கவைப்பார். மகளைப் பார்த்தால் உள்ளே நுழையுமுன் அப்பா கொஞ்சம் வெள்ளியாவது என் கையில் வைப்பார் என்ற நம்பிக்கை. சில மாதம் வைப்பார், சில மாதம் பார்க்காத மாதிரி போவார். அந்த வழியாகப் போகிறவர்கள் என்னை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் தெரியுமா? "குடிகாரன் மகள்." அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவர் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பெயர் என் மேல்தான் ஒட்டியது. பள்ளிக்கூடத்திலும் வந்தது. நீங்கள் பலகையில் எழுதுகிற பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் சுமக்கும்.

கூட்டத்தில் செயலாளர் பேசும்போது, "நம் முன்னோர்கள் கள்ளுக்கடையை எதிர்த்துப் போராடியவர்கள்" என்றார். உண்மைதான். ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்லவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைத் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பாய். ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் கேட்டது சம்பள உயர்வு மட்டும் இல்லை. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்கிற வழக்கம் ஒழியவேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும், பெண்களிடம் தவறாக நடப்பது நிற்கவேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும். எல்லாம் ஒரே பட்டியல். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளத்தை இறக்கித் தொழிலாளர்களைச் சுட்டார்கள். குடியைத் தனியாக ஒரு ஒழுக்கக் கேடாக அந்த மனிதர்கள் பார்க்கவில்லை. சம்பளம் போதாமை, நீண்ட வேலை நேரம், அவமானம், இவற்றோடு ஒரே கயிற்றில் கட்டியிருப்பதாகப் பார்த்தார்கள்.

போருக்குப் பிறகு கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. அந்தப் படை குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததும் உண்டு, அதை மறைக்கவில்லை. அதை நான் கொண்டாடவும் இல்லை. ஆனால் போலீஸ் தடி எப்போது இறங்கியது என்று பார். கடை வாசலில் நின்றபோது. விற்கிறவனைத் தொட்டால்தான் யாருக்கோ வலிக்கிறது. உங்கள் தீர்மானத்தில் விற்கிறவனைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

தோட்டக் கள்ளுக்கடைகள் பின்னால் மறைந்துபோயின. குடி மறையவில்லை. ஐந்தாறு விழுக்காடு சாராயச் சத்து இருந்த கள் போய், அதைப்போலப் பல மடங்கு கடுமையான சம்சு என்கிற சாராயம் சின்னச் சின்னப் பாட்டில்களில் மளிகைக்கடைக்கு வந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல வருஷம் இதை எதிர்த்து எழுதியது, பேசியது. தோட்டங்களைத் துண்டு போட்டு வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் கொடுத்தபோது நம் ஜனங்கள் லயத்தைவிட்டு மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். கையில் தொழில் இல்லை, பக்கத்தில் சொந்தம் இல்லை, சுற்றிலும் கடை. இந்த வரலாற்றை உனக்குச் சொல்வது குடிப்பவர்களுக்குச் சாக்குத் தேட இல்லை. எங்கே கை வைக்கவேண்டும் என்று தெரியவேண்டும், அதற்காக.

இனி நம் சின்ன மாமா கதை. உனக்குப் பாதிதான் தெரியும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க மாலை போட்டார், நினைவிருக்கிறதா? இருபது வருஷக் குடியை ஒரே நாளில் விட்டார். எல்லாரும் மெச்சினோம். மறுநாள் கை நடுங்கியது. விரத பலவீனம் என்றார்கள். மூன்றாம் நாள் சுவரைக் காட்டி "எறும்பு, எறும்பு" என்று துடைத்துக்கொண்டே இருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, யார் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார். "சாமி வந்திருக்கு" என்று திருநீறு பூசி, வேப்பிலையைக் கையில் கொடுத்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் டியூட்டி முடிந்து வந்து நாடி பிடித்துப் பார்த்தேன், குதிரைபோல் ஓடியது. கண்ணில் ஒரு திகில். தாதி வேலையில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போகிற வழியில் வலிப்பு வந்தது. தாமதித்திருந்தால் அந்த விரதமே அவரைக் கொண்டுபோயிருக்கும்.

பல வருஷம் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளே நடுக்கம் தொடங்கும், ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தப்பிரமை பிடிக்கலாம். அது உயிரை எடுக்கும். டாக்டர் மேற்பார்வையில் தூக்க மாத்திரை வகை மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால், வைட்டமின் பி1 ஊசி போட்டால், பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள். இது நம் கோயிலுக்கு நேரடியாக வேண்டிய அறிவு. தைப்பூசத்துக்கும் சபரிமலைக்கும் மாலை போடுகிறவர்களில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று குருசாமிக்குத் தெரியாதா? மாலை போடுவதற்கு முன்னால் "தினமும் குடிக்கிறவரா? முதலில் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்" என்று சொன்னால் போதும். அறிவிப்புப் பலகையில் எழுத இதைவிட நல்லது இருக்கிறதா?

2018 செப்டம்பரை நீ மறந்திருக்க மாட்டாய். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மதுவில் மெத்தனால் கலந்து, கொஞ்ச நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் தொழிலாளிகள், நம் ஆட்கள், எல்லாரும் அந்தக் கணக்கில் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தார்களே, அங்கும் இதே மெத்தனால்தான். குடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, கண்ணில் பனி விழுந்ததுபோல் மங்குவது. "ஹேங்ஓவர், தூங்கினால் சரியாகும்" என்று படுக்கப் போடுகிறார்கள். தூங்கி எழுந்தால் பார்வை போயிருக்கும், அல்லது எழவே மாட்டார்கள். சீக்கிரம் கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்கலாம், காப்பாற்றலாம். குடித்த மறுநாள் கண் மங்கினால் உடனே 999, இல்லாவிட்டால் கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரி. இதைக் குடிக்கிறவனிடம்தான் சொல்லவேண்டும். பெயர் எழுதித் துரத்திவிட்ட பிறகு அவனிடம் யார் போய்ச் சொல்வது? நம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற வெளிநாட்டுப் பையன்கள் நம் கடைத்தெருவில்தான் பாட்டில் வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கோயில் இல்லை, பலகை இல்லை, தாய்மொழியில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. அன்னதானத்துக்கு வந்து வரிசையில் நிற்கிறார்களே, அப்போது அவர்கள் காதிலும் போடலாம்.

"அக்கா, இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் குடியை ஆதரிப்பது ஆகாதா?" என்று நீ கேட்பாய். கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். இதே கேள்வியைத்தான் இந்த நாட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் விஷயத்தில் கேட்டார்கள். 2002இல் மலேசியாவில் புதிதாக எச்.ஐ.வி. பதிவானவர்கள் கிட்டத்தட்ட 7,000 பேர். அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஊசி மூலம் ஹெராயின் ஏற்றியவர்கள், ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். பிடித்து அடைத்தோம், புனர்வாழ்வு முகாமில் வைத்தோம், வெளியே வந்து அதே ஊசியை எடுத்தார்கள். கடைசியில் 2005 அக்டோபரில் மெத்தடோன் மருந்தைச் சோதனை முறையில் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்கும் திட்டம். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் இப்போது புது எச்.ஐ.வி. தொற்றில் ஊசி வழியாக வருவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அவர்கள் மனைவிகளுக்கு, பிறக்காத பிள்ளைகளுக்குப் போயிருக்கவேண்டிய நோய் போகவில்லை என்றும் இதற்குப் பொருள்.

நான் வேலை செய்த கிளினிக்கில் காலை எட்டு மணிக்கு அந்த வரிசை நிற்கும். வேலைச் சீருடையோடு வருவார்கள், மோட்டாரை அணைக்காமல்கூட வருவார்கள். மருந்தாளர் சிரப்பை அளந்து குவளையில் ஊற்றுவார், எங்கள் கண் முன்னால் குடிக்கவேண்டும். குடித்ததும் ஏதாவது பேசச் சொல்வோம், வாயில் அடக்கி வெளியே கொண்டுபோய் விற்காமல் இருக்க. அதனால் தினமும் எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும். "மிஸி, மகளுக்கு யூபிஎஸ்ஆர் பரீட்சை வருது." "மிஸி, இன்னைக்குச் சம்பளம்." முதல் மாதங்களில் தரையைப் பார்த்துப் பேசியவர்கள் பிறகு முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். சிலர் தவறினார்கள், காணாமல் போனார்கள், திரும்ப வந்தார்கள். திரும்ப வந்தபோது "ஏன் போனாய்" என்று கேட்கக்கூடாது, "வா" என்று சொல்லவேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. வேலையில் நான் கற்ற பெரிய பாடமே அதுதான்.

வழிபாட்டுத் தலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல். உன் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே, மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிற அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக மருத்துவர்களும் பள்ளிவாசல்காரர்களும் சேர்ந்து செய்தார்கள். தொழுகையும் உண்டு, மருந்தும் உண்டு. அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது? நம் கோயிலில் மருந்து கொடுக்கச் சொல்லவில்லை. வெட்கமில்லாமல் வந்து உட்கார ஒரு திண்ணை கொடுக்கச் சொல்கிறேன்.

ஷாபு வேறு மாதிரி. அதற்கு மெத்தடோன்போல மாற்று மருந்து இல்லை. இப்போது நம் பிள்ளைகளிடம் ஹெராயினைவிட அதுதான் அதிகம். ஏன் எடுக்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டாயா? துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவன் தூங்காமல் இருக்க, தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்க. பதினாறு, பதினேழு வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போன பையனுக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் எதிரி இல்லை, கூட வேலை பார்க்கிற அண்ணன். "ஒரு இழுப்பு இழு, அசதி தெரியாது." நாலைந்து நாள் தூங்காவிட்டால் யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும், குரல் கேட்கும், அம்மாவையே சந்தேகப்படுவான். அந்த நேரத்தில் அடித்தால் ஆபத்து, அறையில் பூட்டினால் ஆபத்து. மெதுவாகப் பேசி, கூட்டத்தை விலக்கி, மனநலப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தூங்கி எழுந்த பிறகுதான் ஆலோசனையெல்லாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒருவர் கூடவே இருந்து பேசுவதுதான் அதற்கு மருந்து. வீட்டைவிட்டு, கோயிலைவிட்டு விலக்கிவிட்டால் அந்த ஒருவர் யார்? விற்கிறவன்தான் மிச்சம்.

சட்டத்தையும் யோசி. சிறுநீர்ச் சோதனையில் பிடிபட்டால் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஐயாயிரம் வெள்ளிவரை அபராதம் அல்லது இரண்டு வருஷம்வரை சிறை. அதற்குமேல் கண்காணிப்பு. நீங்கள் எழுதுகிற பலகை போலீசுக்கு ஒரு பட்டியல். இருபது வயதில் ஒரு குற்றப்பதிவு விழுந்தால் அரசாங்க வேலை இல்லை, நல்ல கம்பெனியில் வேலை இல்லை, திரும்ப அந்த லோரிதான். ஆனால் பிடிபடுமுன் தானாகவே வந்து சிகிச்சை கேட்பவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயின் அதிகாரியிடம் போய்ப் பதிந்துகொள்ளலாம். இதை எத்தனை பெற்றோருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? பலகையில் இதை எழுது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டு, 1980இல் அவர் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். பெரிய குடும்பம், மறைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மறைக்கவில்லை. அங்கே நோயாளிக்கு மட்டும் சிகிச்சை இல்லை, குடும்பத்தையும் கூட உட்காரவைக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அதுதான். குடிக்கிறவன் வீட்டில் முதலில் உடைவது மனைவி. நம் தாமானில் அடி வாங்குகிற பெண்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர்களுக்கு 15999 என்ற உதவி எண் தெரியவேண்டும். புருஷனுக்குச் சிகிச்சை வேண்டும் என்பதற்காக அவள் அடி வாங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை ஓங்குகிறவனைத் தடுக்கக் கோயில் குழு போய் நிற்கவேண்டும், அதில் தயவு தாட்சணியம் வேண்டாம். குடியும் அடியும் ஒரே ஆளிடம் இருந்தாலும் இரண்டும் இரண்டு விஷயம்.

இன்னும் பழகாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். மண்டை ஓட்டுப் படம் போட்ட பதாகையும் ஊர்வலமும் அவர்களைத் தடுக்காது. ஐஸ்லாந்து என்று ஒரு சின்ன நாடு. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதை ஏறக் குடித்தவர்கள். 2016இல் அது நூற்றுக்கு ஐந்து. பயமுறுத்திச் சாதிக்கவில்லை. பிள்ளைகளிடம் வருஷா வருஷம் கேட்டு, எந்த ஊரில் என்ன குறை என்று பார்த்தார்கள். பந்து, நீச்சல், இசை, நடனத்துக்குக் குடும்பத்துக்குக் காசு கொடுத்தார்கள். இரவில் வெளியே திரிய நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள், பெற்றோர்களே சேர்ந்து இரவில் தெருவைச் சுற்றினார்கள். பணக்கார நாடு, நம்மோடு ஒப்பிடமுடியாது என்பது சரி. ஆனால் நம் திடலில் மூன்று வருஷமாக விளக்கு எரியவில்லை. இருட்டியதும் பந்து விளையாடுகிற பையன்கள் எங்கே போகிறார்கள் என்று போய்ப் பார். சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்து வேப் ஊதுகிறார்கள். அதற்குள் என்ன திரவம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. போதைப்பொருள் கலந்த வேப்பைப் போலீஸ் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. போதை எதிர்ப்பு ஊர்வலத்துக்கு நீங்கள் ஒதுக்கிய பணத்தில் திடல் விளக்கைப் போடலாம். உறுமி மேளக் குழுவைத் திரும்பத் தொடங்கலாம், சின்ன மாமாவே சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறார்.

விற்கிறவர்கள் விஷயத்தில் நம் ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2018இல் சீனா குப்பையை வாங்குவதை நிறுத்தியதும் உலகத்துப் பிளாஸ்டிக் குப்பையெல்லாம் ஜெஞ்சாரோமுக்கு வந்தது. இரவெல்லாம் எரித்தார்கள், பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்து, புகார் எழுதி, அமைச்சர்வரை போய், முப்பதுக்கும் மேற்பட்ட சட்டவிரோத ஆலைகளை மூடவைத்தார்கள். எரிக்கிற கூலிக்காரன் பெயரை யாரும் பலகையில் எழுதவில்லை. ஆலை எது, உரிமம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அதே வேலையை இதிலும் செய்வோம். 2017 டிசம்பரிலிருந்து 21 வயதுக்குக் கீழே யாருக்கும் மது விற்கக்கூடாது. நம் கடைத்தெருவில் பள்ளிச் சட்டையோடு வருகிறவனுக்கும் கொடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவோம். சீனக் கோயில்காரர்களையும் சுராவ் பெரியவர்களையும் கூப்பிட்டு ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்குவோம். நான் வீடு வீடாக வருகிறேன். ஷாபு விற்பவர்களிடம் மட்டும் நீங்கள் யாரும் நேரில் போகவேண்டாம். அது போலீஸ் பார்க்கவேண்டியது, அவர்கள் கையில் அரிவாள் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசவிடு. பெண்கள் பக்கமிருந்து இன்னும் சிலர் எழுந்து பேசுவார்கள், நான் கேட்டுவிட்டேன். பேசும்போது ஆண்கள் சிரித்தால் நீதான் அடக்கவேண்டும். திருவிழா உபயத்தை ஒருவரிடமும் மறுக்காதே. வருஷத்துக்கு ஒருமுறை நூறு வெள்ளியைக் கொண்டுவந்து சாமிக்கு வைக்கிற கை அது, அந்த ஒரு நாள் அவன் குடிக்காமல் வருகிறான். அந்த நாளையும் நாம் பறிக்கக்கூடாது.

அந்தத் தாய்க்கு வேறு தேதி கேட்டு வாங்கியிருக்கிறேன், அடுத்த வியாழன் காலை ஒன்பது மணி. பையன் வர ஒப்புக்கொண்டான், ஆனால் பக்கத்தில் வேண்டாம், கிள்ளான் பக்கம் போகலாம் என்கிறான். எனக்கு இப்போது அவ்வளவு தூரம் ஓட்டக் கண் சரியில்லை. நீ அன்று லீவு போட்டு வரமுடியுமா? எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வா. கோயில் தலைவராக வேண்டாம், சும்மா என் தம்பியாக வந்து வண்டி ஓட்டு. பையனுக்குக் கால்பந்து பிடிக்கும், வழியில் அதைப் பேசு. சாப்பாடு நான் கட்டி எடுத்து வருகிறேன்.

உன் அன்பு அக்கா.